புதிதாக அடித்த கிளியரைத் தேய்த்துப் பாலிஷ் போடுவது எப்படி?

கேள்வி: 1967 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் ஒன்றை முழுக்கப் பிரித்துப் புதுப்பித்திருக்கிறேன். அடியில் நிறம் தரும் அடர்நீல பேஸ் கோட், மேலே மூன்று கோட் டூ-கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமற்ற மேல்பூச்சு). அடித்து நான்கு நாள் ஆகிறது. கூரையிலும் பானெட்டிலும் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம். இடது முன் மட்கார்டில் இரண்டு இடத்தில் கிளியர் வழிந்து நிற்கிறது. அங்கங்கே தூசியும் உட்கார்ந்திருக்கிறது. 800 வாட்டர் பேப்பரில் ஆரம்பித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார் நண்பர். எப்போது தேய்க்கலாம், எந்தப் பேப்பர், பாலிஷ் எப்படிப் போடுவது?

பதில்:

முதலில் அந்த 800-ஐ எடுத்து ஓரமாக வையுங்கள். பேப்பரின் எண் கூடக் கூடத்தான் மணல் மெல்லியது. நண்பர் சொன்னது ஆதாரமே இல்லாத பேச்சு என்று சொல்ல மாட்டேன். வேறொரு பெயிண்டுக்குப் பொருந்திய வழக்கம் அது. உங்கள் கார் மேல் இருப்பது அந்தப் பெயிண்ட் இல்லை, அவ்வளவுதான்.

1923-இல் ட்யூபாண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தன. அடுத்த ஆண்டு மாடலான ஓக்லண்ட் கார்களில் அது நீல நிறத்தில் வந்தது. லாக்கர் காய்வது வெறும் தின்னர் ஆவியாவதால்தான். ஸ்ப்ரே கன்னிலிருந்து வந்தபடியே விட்டால் மங்கலாக நிற்கும். தேய்த்துப் பாலிஷ் போட்டால்தான் பளபளப்பு வரும். அதனால் தேய்ப்பதற்கென்றே கோட் மேல் கோட்டாக நிறைய அடிப்பார்கள். அமெரிக்க எண்ணில் 600 பேப்பரால் தேய்த்து, காம்பவுண்டு (நுண்ணிய மணல் கலந்த பாலிஷ் பசை) போட்டுப் பளபளப்பை ஏற்றுவார்கள். அடியில் போதிய தடிமன் இருந்தது, நிறமும் அடிவரை ஒரே நிறம். கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்தாலும் பாதகமில்லை, மேலே இன்னொரு கோட் அடித்தால் பழைய கோட்டோடு கரைந்து ஒட்டிக்கொள்ளும். அந்தத் தலைமுறை பெயிண்டர்களிடமிருந்து வந்த பழக்கம்தான் முரட்டுப் பேப்பரில் ஆரம்பிப்பது.

டூ-கே கிளியர் அப்படி இல்லை. ஹார்டனர் சேர்ந்து ரசாயன வினையால் இறுகுகிறது. இறுகிய பிறகு அடுத்த கோட்டோடு கரையாது. இரண்டு கோட் கிளியர் பொதுவாக 50 முதல் 60 மைக்ரான் நிற்கும். உங்களுடைய மூன்று கோட் நன்றாக விழுந்திருந்தால் 75-க்குப் பக்கத்தில் இருக்கலாம். நாம் எழுதுகிற சாதாரணத் தாள் ஏறக்குறைய 100 மைக்ரான். அதாவது கூரை முழுக்கத் தேய்க்க உங்கள் கையில் இருப்பது ஒரு தாளின் தடிமன்கூட இல்லை. அதிலும் பாதிக்கு மேல் கட்டாயம் மிஞ்ச வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் இந்தக் கிளியருக்குள்தான் இருக்கிறது. ரொம்ப மெலிந்து போன கிளியர் அன்றைக்குக் கண்ணாடி மாதிரிதான் தெரியும். சில வருஷ வெயிலில் வெளுத்து, உரிய ஆரம்பிக்கும். இந்த வேலையில் எடுக்கிற ஒவ்வொரு முடிவும் எவ்வளவு குறைவாக எடுத்துக் காரியத்தை முடிக்கலாம் என்பதைப் பொறுத்தது.

கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தடிமன் அளக்கும் கருவி உதவும். ஆனால் புதுப்பித்த காரில் அதை நம்பும் முறை வேறு. அது இரும்பிலிருந்து மேற்பரப்பு வரைக்குமான மொத்தத்தைச் சொல்லும். பட்டி, பிரைமர், பேஸ், கிளியர் எல்லாம் அதில் அடங்கும். பட்டி பார்த்த கதவில் 600 மைக்ரான் காட்டினால் கிளியர் தடிமனாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கிளியர் அடிப்பதற்கு முன் ஒவ்வொரு பாகத்திலும் சில இடங்களை அளந்து எழுதி வைத்திருந்தால் இப்போது கழித்துப் பார்க்கலாம். பேஸ் வரை 160, இப்போது 235 என்றால் கிளியர் 75. எழுதி வைக்கவில்லை என்றாலும் கருவி வீணில்லை. ஓர் இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சின்னதாக ஒட்டி, அதை ஒட்டினாற்போல அளந்துகொள்ளுங்கள். தேய்த்த பிறகு அதே இடத்தில் அளந்தால் எவ்வளவு எடுத்திருக்கிறீர்கள் என்பதாவது தெரியும். ஓரளவு நன்றாக அடித்த பரப்பில் ஆரஞ்சுத் தோலை மட்டப்படுத்திப் பாலிஷ் முடிப்பதற்குள் 10 முதல் 15 மைக்ரான் போகும். அதற்குமேல் போகிறது என்றால் மேடுபள்ளம் ஆழம் அதிகம், அங்கே வேறு வழி யோசிக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, எப்போது ஆரம்பிப்பது? 20 டிகிரி வெப்பத்தில் நான்கு நாள் காய்ந்த டூ-கே கிளியர் தேய்க்க நல்ல பக்குவம். மறுநாளே தேய்க்கலாம் என்று பல கிளியர்களின் விவரத் தாளில் இருக்கும்; 60 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டு எடுத்திருந்தால் ஆறியதும் தேய்க்கலாம். குளிரில் வினை மெதுவாகும், 10 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் நாள் கணக்கை மட்டும் பார்க்காமல், ஷெட் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவசரப்பட்டால் நடப்பது இதுதான்: மேலே இறுகி, உள்ளே தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் பாலிஷ் போட்டால் அன்றைக்குப் பிரமாதமாக இருக்கும். சில வாரத்தில் படலம் சுருங்கி, பளபளப்பு மங்கி, அடியில் இருந்த பழைய கோடுகள் மேலே தெரியும். ரொம்பத் தாமதித்தால் வேறு தொந்தரவு: கிளியர் கெட்டியாகிப் பேப்பர் வழுக்கும், காம்பவுண்டு வேலை இரண்டு மடங்காகும். உங்களுக்கு இது நல்ல நேரம்.

சந்தேகமாக இருந்தால் கண்ணில் படாத ஒரு மூலையில் P2000 பேப்பரை நான்கு தடவை காய்ந்தபடியே இழுத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் தயார். பேப்பரில் சின்னச் சின்ன உருண்டையாகப் பிசுபிசுத்து ஒட்டினால் காத்திருங்கள். லாக்கர் அடித்த கார் என்றால் வாரக்கணக்கில் விட வேண்டும். ஹார்டனர் சேர்க்காத பழைய செயற்கை எனாமலை இப்படித் தேய்க்கவே வேண்டாம். மேலே தோல் கட்டி உள்ளே வெகுநாள் மென்மையாகவே இருக்கும் பெயிண்ட் அது.

பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். பின்பக்கம் எண்ணுக்கு முன் P என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஐரோப்பிய அளவு. அமெரிக்கப் பழைய அளவில் 600 என்பது ஏறத்தாழ P1200. இரண்டையும் கலந்துவிட்டால், மெல்லியது என்று நினைத்து எடுத்தது முரடாக இருக்கும். P800-இல் மணலின் சராசரி அளவு 21.8 மைக்ரான், P1500-இல் 12.6, P2000-இல் 10.3, P2500-இல் 8.4. P800 போட்ட கோட்டை அழிக்க அதன் ஆழம் வரைக்கும் கிளியரை எடுத்தாக வேண்டும். சீக்கிரம் முடிகிறது என்பது தேய்க்கும்போது மட்டும்தான். அந்தக் கோடுகளைத் தேடித் தேடி அழிப்பதில் நேரமும் போகும், கிளியரும் போகும்.

உங்கள் கூரைக்கும் பானெட்டுக்கும் P1500-இல் ஆரம்பியுங்கள். அது பத்து நிமிஷத்தில் மேட்டைத் தொடவே இல்லை என்றால் மட்டும் P1200-க்கு இறங்கலாம், அதுவும் அந்தப் பாகத்துக்கு மட்டும். P1500-க்கு அப்புறம் P2000, பிறகு P2500 அல்லது நேராக P3000 ஃபோம் டிஸ்க். அடுத்தடுத்த பேப்பரின் வேலை முன்னதன் கோட்டை எடுப்பது மட்டுமே. மட்டப்படுத்தும் வேலை முதல் பேப்பரோடு முடிந்துவிட வேண்டும். இதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், செய்யும்போது மறந்துவிடுகிறார்கள். P2000-இல் போய் மீதி மேட்டை எடுக்க முயன்று மணிக்கணக்கில் தேய்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேய்ப்பதற்கு முன் கிளியரின் விளிம்புகளைப் பாருங்கள். ஈரப் பெயிண்ட் கூர்மையான விளிம்பில் நிற்காது. பரப்பிழுவிசையால் இரண்டு பக்கமும் விலகிப்போகும். அதனால் மடிப்பு, ஓரம், கதவு முனை எல்லாம் அடிக்கும்போதே மெல்லியவை. போதாக்குறைக்குக் கட்டையின் அழுத்தம் முழுக்க அந்தக் கோட்டின் மேல்தான் விழும். பேஸ் வெளியே தெரிந்துவிடும் விபத்து பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. உங்கள் காரில் பானெட் நடுவில் ஓடும் மேட்டுக்கோடு, கூரையின் மழைநீர்க் கால்வாய் ஓரம், என்ஜின் மூடியில் நம்பர் பிளேட் விளக்கு உட்காரும் புடைப்பு, மட்கார்டில் ஹெட்லைட் வளையம், எல்லாவற்றிலும் மெல்லிய மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கடைசிப் பேப்பர் வரை டேப் இருக்கட்டும். அதை எடுத்த பிறகு மிஞ்சும் சில மில்லிமீட்டர் பட்டையை P2500-ஆல் கையாலேயே, அழுத்தாமல், ஐந்தாறு தடவை தடவினால் போதும்.

பேப்பரை இரவே தண்ணீரில் ஊற விடலாம். குறைந்தது கால் மணி நேரம். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் தனி வாளி வைத்துக்கொண்டால் மனசுக்கு நிம்மதி. P1500-இன் ஒரே ஒரு மணல் P2500 வாளியில் விழுந்தாலும், அது போடும் கோட்டைப் பாலிஷ் போடும்போதுதான் பார்ப்பீர்கள். அதே காரணத்துக்காக எண் மாறும்போதெல்லாம் பாகத்தைக் கழுவித் துடையுங்கள். பேப்பரை விரலால் மட்டும் பிடித்துத் தேய்க்காதீர்கள். விரல் நுனிக்கு நுனி அழுத்தம் மாறும், நான்கு விரலுக்கு நான்கு பள்ளம் விழும். அடர்நீலத்தில் அது வெயிலில் தெரியாமல் போகாது.

கூரையில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியான ரப்பர் கட்டையில் P1500. கட்டையின் எடை போதும். கை அதை நகர்த்த மட்டும்தான். ஒரே திசையில் நேராக, நீண்ட இழுப்பு. வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். முதலில் பேப்பர் லேசாக ஓடும், மேட்டின் நுனியை மட்டும் தொடுவதால். தண்ணீர் பால் நிறத்துக்கு மாறும். கொஞ்ச நேரத்தில் கட்டை இழுக்க ஆரம்பிக்கும், சப்பென்று ஒட்டிக்கொள்கிற மாதிரி. பரப்பு மட்டமாகி, இடையில் காற்று போக இடமில்லாமல் ஆகிறது என்பதற்கு அது அடையாளம். அப்போது நிறுத்தி, ரப்பர் வைப்பரால் ஒரே இழுப்பில் தண்ணீரை வழித்துப் பாருங்கள். மங்கலான சாம்பல் பரப்பில் மினுமினுக்கும் புள்ளிகள் தெரியும். அவை இன்னும் பேப்பர் தொடாத பள்ளங்கள். புள்ளி நிறைய இருந்தால் தொடருங்கள். இருபதில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும்போது அடுத்த எண்ணுக்குப் போய்விடுங்கள். கடைசிப் புள்ளி மறையும் வரை P1500-ஆலேயே துரத்துகிறவர், அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள எல்லா இடத்திலும் கிளியரை வீணாக எடுத்துக்கொண்டிருக்கிறார். மிஞ்சியவற்றில் பெரும்பகுதி P2000-இல் போகும், ஒன்றிரண்டு அப்படியே இருந்தாலும் பாலிஷுக்குப் பிறகு யாருக்கும் தெரியாது.

P2000-ஐ P1500-க்குக் குறுக்குத் திசையில் போடுங்கள். ஒரு திசைக் கோடு முழுக்கப் போய் மறுதிசைக் கோடு மட்டும் நிற்பது வழித்துப் பார்த்தாலே தெரியும். இந்த ஒரு பழக்கம் போதும், எப்போது அடுத்த எண்ணுக்குப் போவது என்று ஊகிக்கவே வேண்டாம்.

தண்ணீரின் நிறத்தை விடாமல் கவனியுங்கள். வெள்ளையாக இருக்கும் வரை கிளியரில் இருக்கிறீர்கள். நீலம் துளி தெரிந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். பேஸைத் தொட்டாயிற்று. அதைப் பாலிஷால் சரிசெய்ய முடியாது. அந்தப் பாகம் முழுவதற்கும் மறுபடி கிளியர் அடிக்கத்தான் வேண்டும். மேல்கோட்டும் நிறமும் ஒன்றாகவே இருக்கும் சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்ட் என்றால் கதை வேறு, அதில் ஆரம்பத்திலிருந்தே நிறத்தண்ணீர்தான் வரும். கிளியர் இல்லாத மெட்டாலிக் சிங்கிள் ஸ்டேஜைத் தேய்ப்பதே ஆபத்து. மேலே கிடக்கும் அலுமினியத் துகள்கள் அறுபட்டுத் திட்டுத் திட்டாக நிறம் மாறிவிடும்.

மட்கார்டுகள் இந்தக் காரின் அழகும் தலைவலியும். எல்லாப் பக்கமும் வளைவு. அவை போல்ட்டில் நிற்பவை என்பதால் இன்னும் மாட்டவில்லை என்றால் ஸ்டாண்டில் வைத்தே தேய்த்து முடியுங்கள், ஓரங்கள் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். கெட்டிக் கட்டை வளைவில் ஒரே ஒரு கோடாகத்தான் உட்கார்ந்து, அங்கே தட்டையாக வெட்டிவிடும். அதற்காக ரொம்ப மெத்தென்ற ஸ்பாஞ்சையும் எடுக்கக் கூடாது. அது மேட்டிலும் ஏறும், பள்ளத்திலும் இறங்கும். ஆரஞ்சுத் தோல் அப்படியே இருக்க, அதன் மேல் ஒரு மங்கல் மட்டும் வரும். வளைந்து கொடுக்கும் மெல்லிய ரப்பர் பட்டைதான் சரி. வளைவு எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கமாக இழுங்கள். ஆரம்பமும் P2000 ஆகவே இருக்கட்டும். மட்கார்டின் மேடுபள்ளம் கூரையளவு கண்ணை உறுத்தாது, கிளியரும் வளைவில் சீராக விழுந்திருக்காது.

அந்த இரண்டு வழிசலையும் இப்போது தொடாதீர்கள். தடிமன் அதிகமுள்ள இடம் கடைசியில்தான் இறுகும். மற்ற பாகங்களை முடித்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் கழித்து எடுங்கள். நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது. வழிசலின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி நல்ல பரப்பை மூடுங்கள். ஒற்றைப் பக்கக் கூரான ரேசர் பிளேடின் இரண்டு மூலையிலும் சின்னத் துண்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், மூலை கீறாமல் இருக்க. பிளேடைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து, வெட்டாமல், சுரண்டுங்கள். மெல்லிய சுருளாக வரும். சுற்றியுள்ள மட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலே இருக்கும்போதே நிறுத்தி, டேப்பை எடுத்து, விரலகலக் கட்டையில் P1500 சுற்றி வழிசலின் தலையில் மட்டும் தேய்த்து மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வழக்கம்போல P2000, P3000. அவசரத்தில் பேப்பரால் மட்டும் வழிசலை இறக்கப் பார்த்தால், கெட்டியான மேடு அப்படியே இருக்க, இரண்டு பக்கமும் வாய்க்கால் விழும்.

தூசி தனித்தனியாக இருந்தால் பாகம் முழுக்கத் தேய்க்க வேண்டியதில்லை. சின்னக் கட்டையில் P2000 ஒட்டி அந்த மணியின் தலையை மட்டும் எடுத்துவிட்டு, P3000, பாலிஷ். ஊசிமுனை மாதிரி துளைகள் கூட்டமாகத் தெரிந்தால் அது தூசி இல்லை. கீழ்க் கோட்டில் மாட்டிக்கொண்ட தின்னர் வெடித்து வெளியேறிய இடம். தேய்க்கத் தேய்க்க இன்னும் துளைகள்தான் வெளிவரும். அந்தப் பாகத்தைத் துளைகள் முழுக்கப் போகும் வரை இறக்கி, மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை. ஆழமான ஆரஞ்சுத் தோலுக்கும் நான் சொல்வது அதே போன்றதுதான்: P600 அல்லது P800-ஆல் மட்டப்படுத்திவிட்டு, இன்னும் இரண்டு கோட் கிளியரை அதன் மேல் அடியுங்கள். நண்பரின் 800-க்கு அங்கே நியாயமான வேலை இருக்கிறது.

இப்போது P3000. இதற்கு மட்டும் டிஏ மெஷினில் (சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் அலையும் டூயல் ஆக்‌ஷன் மெஷின்) மாட்டும் ஃபோம் டிஸ்க் வாங்குங்கள். 3எம் ட்ரைசாக்ட் மாதிரி, மணலைச் சின்னப் பிரமிடுகளாக அடுக்கியது. லேசான ஈரத்தில், மெதுவான வேகத்தில் இரண்டு தடவை ஓட்டினால் P2000 கோடு போய், பரப்பு பட்டு மாதிரி ஆகி, விளக்கின் பிம்பம் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். பாலிஷ் வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. P2000-இலிருந்து நேராகக் கம்பளி பஃபுக்குப் போகிறவர்கள், சூடு ஏறும் வரை அழுத்தித்தான் அந்தக் கோட்டை எடுக்க வேண்டியிருக்கும். தண்ணீரும் கரண்டும் அருகருகே இருக்கும் வேலை இது. பேட்டரியிலோ காற்றிலோ ஓடும் மெஷின் இருந்தால் இந்தக் கட்டத்துக்கு அதையே எடுங்கள். காய்ந்தபடி தேய்க்க நேர்ந்தால் மாஸ்க் கட்டாயம். முழுக்க இறுகாத டூ-கே தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது.

பாலிஷுக்கு முன் காரை நன்றாகக் கழுவி, இடுக்குகளில் காய்ந்த வெள்ளைச் சேற்றை எல்லாம் எடுத்துவிடுங்கள். மழைநீர்க் கால்வாயில் நிறையச் சேர்ந்திருக்கும். விளிம்புகளுக்குப் புது டேப்.

ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் பழக்கமில்லை என்றால் டிஏ-வோடேயே முழு வேலையும் முடியும், P3000 வரை போயிருந்தால். நேரம் கொஞ்சம் கூடும், எரித்துவிடும் பயம் ரொம்பக் குறைவு. ரோட்டரிதான் என்றால் கம்பளி பஃப், நிமிஷத்துக்கு 1,200 சுற்றுப் பக்கம், காம்பவுண்டு கொஞ்சமாக. அரை மீட்டர் சதுரத்தில், மெதுவாக, முந்தின இழுப்பில் பாதி மேலே வருமாறு நகர்த்துங்கள். ஒரே இடத்தில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. உள்ளங்கையை அடிக்கடி வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் உடனே விட்டுவிட்டு வேறு பாகத்துக்குப் போங்கள். சூட்டில் கிளியர் இளகும், இளகிய கிளியரில் பஃப் ஆழமாக இழுத்துவிடும். விளிம்பருகே பஃபின் சுழலும் ஓரம் விளிம்பைத் தாண்டி வெளியே ஓட வேண்டும். விளிம்பை நோக்கி உள்ளே வந்து மோதினால் அந்த ஒரே உரசலில் பேஸ் தெரிந்துவிடும். பஃபை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். காய்ந்த காம்பவுண்டும் உதிர்ந்த கிளியரும் சேர்ந்த பஃப் பாலிஷ் போடாது, கீறும்.

கம்பளி முடிந்ததும் ஃபோம் பேட், மெல்லிய பாலிஷ், டிஏ. அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து, ஆல்கஹால் பத்து பதினைந்து சதவிகிதம் இருக்கும்படி, துடைத்துப் பாருங்கள். பல காம்பவுண்டுகளில் இருக்கும் எண்ணெய் கோடுகளை நிரப்பி மறைத்துவிடும். அதை எடுத்த பிறகு தெரிவதுதான் உண்மையான நிலை. டியூப் லைட் வெளிச்சத்தில் ஆரஞ்சுத் தோல் தெரியும், கோடுகள் தெரியாது. கோடு பார்க்க ஒற்றை எல்இடி விளக்கோ நேர் வெயிலோ வேண்டும். நேர்கோடாகத் தெரிந்தால் கைப் பேப்பரின் மிச்சம்: அந்த இடத்துக்கு மட்டும் P3000 மறுபடி. பன்றி வால் மாதிரி சின்னச் சுருளாக இருந்தால் டிஏ டிஸ்க்குக்கு அடியில் மணல் சிக்கியிருக்கிறது. விளக்கை நகர்த்தும்போது விசிறி மாதிரி கூடவே நகரும் மங்கல் பட்டை என்றால் ரோட்டரியின் தடம், டிஏ-வும் மெல்லிய பாலிஷும் ஒரு தடவை ஓடினால் போய்விடும். எந்தக் கோடு எதனால் வந்தது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் காம்பவுண்டையே போட்டுத் தேய்ப்பதில்தான் கிளியர் அதிகம் வீணாகிறது.

எவ்வளவு மட்டமாக்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் அடுப்பில் சுட்ட எனாமல் ஃபேக்டரியிலிருந்து கண்ணாடி மாதிரி வரவில்லை. லேசான மேடுபள்ளம் இருந்தது, அதுதான் அந்தக் காரின் இயல்பான முகம். முழுக்க மட்டப்படுத்திய பீட்டில் அழகாகவே இருக்கும், ஆனால் 1967-இல் அது அப்படி இல்லை. ஓட்டப்போகிற கார் என்றால் நான் கூரை, பானெட், என்ஜின் மூடி இவற்றின் மேடுபள்ளத்தை P2000-ஆல் பாதி இறக்கி, கொஞ்சம் விட்டுவைப்பேன். கதவின் கீழ்ப்பாதியையும் படிப்பலகைக்குப் பக்கத்தையும் தொடவே மாட்டேன். கல் தெறிக்கும் இடத்தில் தடிமன்தான் வேண்டும். அடுத்தடுத்த பாகங்கள் மட்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். கண்ணாடி மாதிரி பானெட்டுக்குப் பக்கத்தில் சொரசொரப்பான மட்கார்டு நின்றால், இரண்டில் ஒன்று வேறு காரிலிருந்து வந்தது மாதிரி இருக்கும்.

பாலிஷ் முடிந்ததும் மெழுகோ செராமிக் கோட்டிங்கோ போடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் கிளியர் மூச்சுவிடட்டும். அதுவரை வெறும் தண்ணீர், மிதமான ஷாம்பு, மெத்தென்ற துணி. அந்த இடைவெளி முடியும்போது காரை வெயிலில் நிறுத்திக் கூரையைச் சாய்வாகப் பாருங்கள். படலம் இன்னும் கொஞ்சம் சுருங்கி, P1500-இன் சன்னமான கோடுகள் சில இடத்தில் மீண்டும் தெரியலாம். பயப்பட ஒன்றுமில்லை. மெத்தென்ற ஃபோமில் மெல்லிய பாலிஷை ஒரு தடவை ஓட்டினால் போதும், எடுப்பது மிகச் சொற்பம். அதன் பிறகு மெழுகு போடுங்கள்.